தப்பு எங்களுதுதான், மாமா

சனிக்கிழமை காலையில் கேன்டீன் மேசைகளைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார் எங்கள் புது மேனேஜர். வட்டமாக உட்கார்ந்தால் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற பேதம் போய்விடுமாம். எங்களுக்கு யாரைப் பார்த்துப் பேசுவது என்பதே போய்விட்டது. எல்லோரும் நடுவில் இருந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இது 2008ல் நடந்தது. நீங்கள் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். கடலூர் முதுநகரைத் தாண்டி இருந்த இறால் கம்பெனியில் அப்போது நான் சூப்பர்வைசர். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் "அப்பா மேல வாடை அடிக்குது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவீர்கள். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உங்கள் சின்ன மாமாவுக்குப் பரிசம் போட்ட பிறகு, அந்தக் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. ஏன் நின்றுபோகப் பார்த்தது என்று கேட்டால் எனக்கே முழுசாகப் பிடிபட்டதில்லை. நீங்கள் இப்போது கம்பெனி வேலைக்குப் போகிறீர்கள். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் மனசு விட்டுப் பேசணும்னு சொல்றாங்கப்பா" என்று பெரியவள் போனில் சொன்னாள். அன்றையிலிருந்து இதை எழுதவேண்டும் என்று இருந்தேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். வரிசையாகச் சொல்ல வருமா என்று பார்க்கிறேன்.

பிச்சாவரம், கிள்ளை பக்கத்துக் குட்டைகளில் பிடிக்கிற இறால் முதலில் சிதம்பரத்தில் இருந்த எங்கள் கம்பெனி ஷெட்டுக்கு வரும். அங்கே கிரேட் என்கிற பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு இறால், மறுபடி ஐஸ் என்று போட்டு லாரியில் கடலூருக்கு அனுப்புவார்கள். கடலூரில் லாரியிலிருந்து இறக்கி வாங்குகிற இடத்துக்கு ரிசீவிங் என்று பேர். அதற்கு இன்சார்ஜ் உங்கள் சின்ன மாமா, அதாவது என் மச்சான். அவன் வாங்கித் தருகிற இறாலைத் தலை கிள்ளி, கழுவி, ரகம் பிரிப்பது நான் பார்த்துக்கொண்ட ஹால்.

சிதம்பரம் ஷெட்டுக்கு இன்சார்ஜ் ஒரு பெரியவர். பேர் வேண்டாம், ஷெட்காரர் என்றே எழுதுகிறேன். அவருடைய பெண்ணைத்தான் என் மச்சானுக்குப் பேசியிருந்தோம். தையில் அவர் வீட்டில் பரிசம் போட்டாயிற்று. ஆவணியில் கல்யாணம்.

பழைய மேனேஜர் இருந்தவரைக்கும் எங்கள் கம்பெனியில் ஒரே பாட்டுதான். எது கெட்டாலும் "அவுங்க டிபார்ட்மென்ட் சார்." யார் பேர் முதலில் அடிபடுகிறதோ அவருக்குத்தான் திட்டு. அதனால் முந்திக்கொண்டு அடுத்தவன் பேரைச் சொல்வதில் எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருந்தோம். பங்குனியில் வந்த புது மேனேஜர் இதை ஒழிக்கிறேன் என்றுதான் வட்டம் போட்டார். அவருடைய சட்டம் இவ்வளவுதான்: "அவுங்க டிபார்ட்மென்ட்" என்று யாரும் சொல்லக்கூடாது. தன் வேலையில் என்ன தப்பு நடந்தது என்று அவரவரே சொல்லவேண்டும். சொல்கிறவருக்குத் தண்டனை கிடையாது.

முதல் சனிக்கிழமை யாரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் இறாலைச் சோதிக்கிற லேபில் வேலை செய்த பெண், தெர்மாமீட்டரைக் கீழே போட்டு உடைத்ததாக மெல்லச் சொன்னாள். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். தெர்மாமீட்டரை உடைத்ததற்குக் கைதட்டுகிறாரே என்று நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, பிறகு நாங்களும் தட்டினோம்.

அதற்குப் பிறகு தைரியம் வந்தது. வந்த தைரியம் வேறு பக்கமாகப் போய்விட்டது. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் ஒரு சீட்டு காலியானால் "நீங்க உக்காருங்க மாமா", "நீ உக்காரு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம், மூணாவது ஆள் ஒருத்தன் வந்து உட்கார்ந்துவிடுவான். கம்பெனியில் பாதிப் பேர் நிஜமாகவே உறவு. மீதிப் பேரும் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அடுத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்று மேனேஜரே சட்டம் போட்டுவிட்டார். விடுவோமா? அட்டைப்பெட்டியில் லேபிள் மாறி ஒட்டியிருந்தது என்று ஒரு வாரம் பேச்சு வந்தது.

"பேக்கிங்ல கவனிக்கல சார், எங்க தப்புதான்" என்றார் பேக்கிங்காரர்.

"அவர சொல்லாதீங்க சார், லேபிள கலந்து வச்சது ஸ்டோர்ஸ்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"மச்சான், நீ சும்மா இரு. பெரியவன் நான் இருக்கும்போது நீ ஏன் பழி ஏத்துக்கற?" என்றார் பேக்கிங்காரர் மறுபடியும்.

மேனேஜருக்கு ஆரம்பத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுதான் கோஆபரேஷன்" என்றார். கொஞ்ச நாள் போனபிறகு, ஒவ்வொரு தப்புக்கும் மூணு நாலு சொந்தக்காரர்கள் இருப்பதையும், எந்தத் தப்பும் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதையும் கவனித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கைதட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து வருகிற இறால் கெட ஆரம்பித்தது. நாற்றம் இல்லை. ஆனால் தலை தளர்ந்து, தொட்டால் கழன்று வந்தது. என் ஹாலில் பெண்கள் "இன்னா சார் இது, கொழகொழன்னு" என்று எடுத்துக் காட்டுவார்கள். நான் சனிக்கிழமை வட்டத்தில் அதைச் சொன்னேன். என் டிபார்ட்மென்ட் தப்பாகத்தான் சொல்ல முடியும், அதனால் "எங்க ஹாலுக்கு வர்ற இறால்ல தலை தளர்ந்து இருக்குது சார்" என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். சித்திரை வெயில் வேறு. எதிரே சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஷெட்காரர் உட்கார்ந்திருந்தார்.

மச்சான் சட்டென்று எழுந்தான். "சார், தப்பு எங்களுதுதான். லாரி வந்தா நாங்க இறக்கறதுக்கு லேட் ஆயிடுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரி வந்து நின்ற மறுநிமிஷமே இவன் ஆட்கள் இறக்கிவிடுவதை நான் தினமும் பார்க்கிறவன். சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தேன்.

"நீ எங்கடா லேட் பண்ண மச்சான்?"

"மாமா, கிரேட்ட தொறந்தா மேல ஐஸே இல்ல. அத அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? பரிசம் போட்ட மனுஷன்."

"தண்டனை கெடையாதுன்னுதான் சொல்றாரே."

"தண்டனை கம்பெனில கெடையாது மாமா. பொண்ணு வூட்ல இருக்குதே."

அவன் சொன்னதை மேனேஜர் நம்பி, இறக்குகிற இடத்தில் நிழலுக்குத் துணி கட்டினார், கூட ஆள் போட்டார். இறால் அப்படியேதான் வந்தது. மறுவாரம் மச்சான் எழுந்து, கிரேட்டை இறக்கி வெயில் பக்கம் வைத்துவிட்டோம் என்றான். அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ சொன்னான். சொல்வதற்குத் தப்பு கிடைக்காமல் வெள்ளிக்கிழமை சாயங்காலமே யோசிக்க ஆரம்பித்துவிடுவான். மேனேஜர் அவனுக்குத்தான் ரொம்பக் கைதட்டினார்.

ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து, முதுநகர் பஸ் நிறுத்தத்தில் சிதம்பரம் வண்டிக்காக நின்றிருந்த ஷெட்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. வாராவாரம் எழுந்து நின்னு தப்பு பண்ணிட்டேன் தப்பு பண்ணிட்டேன்னு சொல்றாரே மாப்பிள்ளை. ஒரு வேலைகூட அவருக்கு ஒழுங்கா வராதா?"

"அப்படியெல்லாம் இல்ல மாமா."

"இல்லன்னா ஏன் சொல்றாரு? பொண்ணக் குடுக்கப் போறவன் நான். என் பக்கத்துல உக்காந்துருக்கறவன் காதுல கிசுகிசுங்கறான், இவருதான் உன் மாப்பிள்ளையான்னு. எனக்கு மனசு ஒப்பல தம்பி. ஆவணிக்கு இன்னும் நாள் இருக்குது, பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"உண்மைய சொல்லிட வேண்டியதுதான?" என்றாள்.

"எந்த உண்மைய?"

"என் தம்பி நல்ல வேலைக்காரன்னு."

"அவன் லேட் பண்ணலன்னு சொன்னா, அப்ப ஐஸ் கம்மியா வருதுன்னு ஆயிடும். அவரத்தான் கொறை சொல்ற மாதிரி ஆவும்."

"அத சொல்லாத. இத மட்டும் சொல்லு."

"அத சொல்லாம இத எப்படிடீ சொல்றது?"

"நீ எதுக்குத்தான் சூப்பர்வைசரோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு ஒரே குழப்பம். தப்பை ஒத்துக்கொள் என்று மேனேஜர் சொன்னார், இவன் ஒத்துக்கொண்டான். அடுத்த டிபார்ட்மென்டைக் குறை சொல்லாதே என்றார், சொல்லவில்லை. சொன்னபடியெல்லாம் நடந்துகொண்டவனுக்குத்தான் பெண் இல்லை என்கிறார்கள். எங்கே கோணல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு டிபார்ட்மென்ட் ஆள் இன்னொரு டிபார்ட்மென்ட் வேலையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். யாரும் போனதில்லை. நான் போகிறேன் என்றதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். காலி லாரியிலேயே ஏறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரம் ஷெட்டில் போய் இறங்கினேன்.

ஷெட்காரர் என்னை வேலை பார்க்க வந்தவனாக எங்கே நடத்தினார்? சம்பந்தி வீட்டு ஆள் வந்திருக்கிறார் என்று வீட்டிலிருந்து இட்லியும் மீன்குழம்பும் வந்துவிட்டன. குழம்பைப் போடப் போட, "ஏன் ஐஸ் கம்மி?" என்ற கேள்வி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, இனிமேல் கேட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றிவிட்டது.

சும்மா நின்று பார்த்தேன். அடியில் ஐஸ் நன்றாகப் போட்டார்கள். இறால், மறுபடி ஐஸ், இறால். மேலே போடவேண்டிய ஐஸைப் பையன்கள் அள்ளிப் போட்டதும், ஷெட்காரர் வந்து தன் கையாலேயே அதில் பாதியை வழித்துத் தள்ளினார். ஒவ்வொரு கிரேட்டுக்கும் அப்படியே செய்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"மேல இன்னும் கொஞ்சம் இருக்கலாமே மாமா?"

அவர் பக்கத்தில் வந்து, சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "இருக்கலாம். மாப்பிள்ளைதான் வேணாம்னுட்டாரே."

"எந்த மாப்பிள்ளை?"

"எந்த மாப்பிள்ளையா? எனக்கு எத்தன மாப்பிள்ளைங்க?"

பிறகு சொன்னார். பரிசத்தன்று பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மச்சான் அவரிடம், "உங்க ஷெட்டு கிரேட்டு செம கனம் மாமா, எங்க பொம்பளைங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சிடுது" என்று சொன்னானாம். சொன்னானாம் என்ன, நானே பக்கத்து இலையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். புது வேட்டியில் வியர்த்துக்கொண்டிருந்த பையன், மாமனாரிடம் எதையாவது பேசவேண்டுமே என்று பேசிய பேச்சு அது. நானும் சிரித்தேன். அப்பளம் கேட்டேன். அதோடு மறந்துவிட்டேன்.

"மொத மொதல்ல வாயத் தொறந்து ஒண்ணு கேட்டாரு. செய்யாம வுட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் ஷெட்காரர். "மேல் ஐஸக் கொறைச்சா கனம் கொறையும்னு நானே கொறைச்சேன். தை, மாசி குளிர்ல ஒண்ணும் ஆவல."

"மேனேஜர் கிட்ட சொன்னீங்களா?"

"வூட்டு விஷயத்த அவுருகிட்ட எதுக்கு சொல்றது?"

"ஐஸ் கம்மியானதால இறால் தளருதுன்னு உங்களுக்குத் தோணலியா மாமா?"

"தோணாமலா? அதுக்குத்தான எனக்கு வருத்தமே. அவருக்காக ஐஸக் கொறைச்சு அனுப்பறேன். அதுக்கேத்த மாதிரி அவரு சட்டுனு இறக்க வேணாமா? லேட் பண்ணிட்டேன் லேட் பண்ணிட்டேன்னு எழுந்து நிக்கறாரே!"

அவர் சொன்னதில் ஒரு இடத்திலும் எனக்குப் பிசகு தெரியவில்லை. மச்சான் சொன்னதிலும் தெரியவில்லை. ரெண்டையும் சேர்த்து வைத்தால் மட்டும் இறால் கெட்டுப்போகிறது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "மாமா, அவன் ஒரு நாளும் லேட்டே பண்ணல. ஐஸ் கம்மியா வருதுன்னு சொன்னா உங்களுக்குக் கௌரவக் கொறைச்சல்னு, தப்ப அவன் தலைல போட்டுக்கினு இருக்கான். கொறைச்சது அவனுக்காகன்னு அவனுக்குத் தெரியாது."

ஷெட்காரர் ஒரு காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்காக வாராவாரம் பொய் சொல்லியிருக்காரு."

"ஆமா மாமா."

"வேலை தெரியாத மாப்பிள்ளைன்னு நெனச்சேன். இப்ப பொய் சொல்ற மாப்பிள்ளைங்கறீங்க." கோபமா பெருமையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "சனிக்கிழமை வரேன்" என்று மட்டும் சொன்னார்.

விஷயத்தைக் கேட்டதும் மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டான். "நான் எப்ப மாமா கொறைக்கச் சொன்னேன்? பேச்சுக்குச் சொன்னதாச்சே அது!"

சனிக்கிழமை வட்டத்தில் மேனேஜர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "சிதம்பரம் இறால் இந்த வாரமும் அப்படியேதான் வந்திருக்கு. யாராவது ஏதாவது சொல்றீங்களா?" என்றார்.

மச்சானும் ஷெட்காரரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"சார், ஐஸக் கொறைச்சது நானு" என்றார் ஷெட்காரர்.

"கொறைக்கச் சொன்னது நான் சார்" என்றான் மச்சான்.

"அவரு சொல்லல சார். நானாத்தான் செஞ்சேன்."

"நீங்க உக்காருங்க மாமா. கனமா இருக்குதுன்னு சொன்னவன் நான்."

"சின்னப் புள்ள சார் அவரு, அவுருக்கு ஒண்ணும் தெரியாது."

சுற்றியிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் கையிலிருந்த பேனாவைத் தரையில் வீசினார். அவருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தோம். "போதும்! இது மரியாதை பண்ணிக்கற கூட்டம் இல்ல. நான் நிஜமான காரணத்தக் கேட்டேன். ரெண்டு பேரும் உக்காருங்க."

அந்த வட்டத்தில் முதல் தடவையாக முழு நிஜத்தைச் சொன்னவர்கள் அவர்கள் ரெண்டு பேர்தான். உட்காரச் சொல்லிவிட்டார். ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"சார், இந்தத் தடவை இது நிஜம் சார்."

"அப்ப போன வாரம் இவர் சொன்னது?"

"அது மரியாதை சார்."

கேன்டீனே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. ஆரம்பத்தில் நாங்கள் பார்த்த மாதிரியே அவரும் நடுத்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார், யாரையும் தண்டிக்கவில்லை. ஐஸ் பழையபடி முழுசாக வந்தது, இறால் தலை கெட்டிப்பட்டது. கனம் தூக்குகிற பெண்களை அவரே நேரில் போய்க் கேட்டு, பிறகு சின்ன கிரேட்டாக மாற்றினார். ஒரு நாள் என்னிடம், "உங்ககிட்ட இருக்கற பயத்த எடுக்கணும்னுதாங்க வந்தேன். இங்க எது பயம், எது பாசம்னே எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. பொதுவாகத் தலையாட்டி வைத்தேன். நீங்களாவது உங்கள் ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனி விஷயம் தீர்ந்தது. கல்யாண விஷயம் தீரவில்லை. "நிஜத்துக்கும் நான்தாங்கறாரு, பொய்க்கும் நான்தாங்கறாரு. இவுர எத வச்சுப் புரிஞ்சுக்கறது?" என்றார் ஷெட்காரர். "எம் பொண்ணையே கேட்டுச் சொல்றேன்."

பெண்ணே போன் பண்ணினாள். மச்சான் அப்போது நம் வீட்டில் இருந்தான். நாங்கள் பக்கத்தில் நின்றோம்.

"எங்க அப்பா மேல உங்களுக்கு இருக்கற ஒரு கொறைய சொல்லுங்க" என்றாளாம். "நிஜமான கொறையா இருக்கணும். அப்பறம் மத்தது பேசலாம்."

"அவர் மேல எனக்கு என்னா கொறை" என்று இவன் ஆரம்பித்ததும் போனை வைத்துவிட்டாள்.

அப்புறம் சில நாள் நம் வீட்டில் அதே வேலைதான். "ஜாஸ்தியா வெத்தலை போடறாருன்னு சொல்லேன்" என்றாள் உங்கள் அம்மா. "அது ஒரு கொறையாக்கா?" என்றான். "கொறட்டை?" "எனக்கு எப்படித் தெரியும்?" வாராவாரம் தன் மேல் ஒரு தப்பைக் கண்டுபிடித்தவனுக்கு, அடுத்தவர் மேல் ஒன்று சொல்ல நாக்கு வரவில்லை. சாப்பாடு இறங்காமல் சுற்றினான். அந்தப் பெண்ணை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று போனை எடுத்தான். நின்றபடியே பேசினான்.

"உங்க அப்பா, ஒருத்தர் ஒண்ணு சொன்னா, அது எதுக்கு, என்னான்னு திருப்பிக் கேக்காமலே செஞ்சிடறாரு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன். அவரால எம் பேரு கெட்டுது. அப்பறம் அவரே என்னை வேலை தெரியாதவன்னு நெனச்சாரு. எனக்குக் கோவம். இன்னும் போவல."

பிறகு அவள் சொன்னது எங்களுக்கும் லேசாகக் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அப்பாவும் கேட்டுக்கினுதான் இருக்காரு."

மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்து, கைக்குட்டையைக் கசக்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்தான். உங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஷெட்காரர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கோவமெல்லாம் வருமா?"

"வரும் மாமா."

"வராதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த "சரி"க்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் மூணு பேரும் சாயங்காலம் வரைக்கும் பேசினோம். முடிந்தது என்றான் மச்சான். இனிமேல்தான் ஆரம்பம் என்றாள் உங்கள் அம்மா. எனக்கு ரெண்டும் சரியாகப் பட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஷெட்காரரே கூப்பிட்டார். பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டார் பேரையெல்லாம் எந்த வரிசையில் போடவேண்டும் என்று கேட்டார். நான் சொன்னேன். சொன்னதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இப்படித்தான தம்பி? இல்ல வேற மாதிரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.